நோயாளிக்கு ஒரு பிரஷ் பார்த்து எடுப்பது

போன மாதம் ஒரு முற்பகலில் டாக்டர் குமரேசன் மதுரையிலிருந்து போனில் கூப்பிட்டார். அவர் இப்போது பெரிய சர்ஜன். நான் ஆஸ்பத்திரியில் சவரத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்த காலத்துப் பழக்கம். பொங்கலுக்குப் பொங்கல் பேசுவார். பொங்கல் இல்லாத நாளில் அவர் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது.

“செல்லையா அண்ணாச்சி, ஒரு நல்ல ஷேவிங் பிரஷ் எப்படிப் பாத்து வாங்கணும்?” என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டதாம். தோல் காகிதம்போல ஆகிவிட்டது. மெஷினை வைத்தால் சிவந்துபோகிறது, வீட்டுக்கு வரும் ஆள் பிளேடு போட்டால் கீறிவிடுகிறது. இனிமேல் தானே செய்வதென்று டாக்டர் முடிவு செய்திருக்கிறார். ஆன்லைனில் பார்த்த பிரஷ்களின் படங்களை எனக்கு வரிசையாக அனுப்பியிருந்தார். பலாப்பலகை நிறத்தில் பிடி, தங்க வளையம், ராஜா வீட்டுச் சாமான் மாதிரி ஒவ்வொன்றும் மினுங்கியது.

“பிடியைப் பாக்காதீங்க டாக்டர். ஈரக்கையில சோப்போட பிடிச்சா வழுக்காம இருக்கணும், அவ்வளவுதான். முடியை விரிச்சு அடியைப் பாருங்க. பசை வெளியே தெரிஞ்சா வேண்டாம். உலர்ந்த பிரஷை மூக்குக்குக் கீழ, மேலுதட்டுல வச்சு அழுத்துங்க. குத்தவும் கூடாது, துணி மாதிரி மடிஞ்சு கெடக்கவும் கூடாது, வளைஞ்சு எந்திரிக்கணும். இப்ப வார செயற்கை முடி நல்லா இருக்கு, அதையே வாங்குங்க” என்று சொன்னேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

போனை வைத்த பிறகு மனசு ஒப்பவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் கற்றுக்கொள்ள எனக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒரு நோயாளி கஷ்டப்பட்டிருக்கிறார். அவர்களைச் சொல்லாமல் பிரஷை மட்டும் சொன்னது பாதிப் பேச்சாகப் பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. தொழில் அப்பாவிடம் படித்தேன், கோயிலுக்குப் போகும் வழியில் இருந்த கடையில். இருபத்து நான்கு வயதில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் சொல்லப்போவதில்லை. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை, அதில் ஒன்று. ஆபரேஷனுக்கு முந்திய நாள் நோயாளியின் உடம்பில் கத்தி படப்போகிற இடத்தைச் சுத்தமாகச் சவரம் செய்து வைப்பது என் வேலை. வயிற்று ஆபரேஷன் என்றால் மார்பிலிருந்து தொடைவரை. தலையில் கட்டி என்றால் தலை. கடையில் உட்காருகிற ஆள் அழகாகப் போகவேண்டும் என்று வருகிறவன். இங்கே படுத்திருப்பவன் பயந்து போய், வெட்கத்தோடு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடப்பான். கத்தியை எடுக்குமுன் கட்டிலை மறைக்கிற திரைத்தட்டியை நகர்த்தி வைப்பதுதான் முதல் வேலை என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

எனக்கு மேலதிகாரி பிலோமினா சிஸ்டர். ஆபரேஷன் தியேட்டருக்குத் தலைமை நர்ஸ். உவரிக் கடற்கரைக்காரர், அப்பா தோணிக்காரர். உயரமான பெண்மணி. சத்தம் போட்டு யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் கூடக் கூட அவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் உதடு அசைவதைப் பார்த்துத்தான் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நிலைக்கு யாரும் போகவிடமாட்டோம்.

நான் சவரம் செய்து முடித்ததும் அவர் வந்து பார்ப்பார். கண்ணால் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, நான் சவரம் செய்த இடம் முழுக்க ஒரே இழுப்பாகத் துடைப்பார். துடைக்கும்போது நோயாளியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எங்காவது கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் நோயாளி முகம் சுளிக்கும். சுளித்தால் என் பக்கம் திரும்புவார். அந்தப் பஞ்சை என் டிரேயில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம் ஒரு நாள், குடலிறக்க ஆபரேஷனுக்கு நான் தயார் செய்து அனுப்பிய ஆள் மேஜையில் படுத்திருக்கிறார். மயக்க மருந்து கொடுத்தாயிற்று. சர்ஜன் கத்தியை வைக்கப்போகிற இடத்தில் ஒரு கறுப்பு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. நோயாளியின் முடி இல்லை. பிரஷிலிருந்து உதிர்ந்தது. அதை எடுத்து, மறுபடி மருந்து பூசி, துணிகளை மாற்றி, ஆபரேஷன் தொடங்க நேரமாகிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் புண்ணுக்குக் கட்டுகிற வெள்ளை காஸ் துணியை நாலாக மடித்து விரித்து வைத்திருந்தார்.

“செல்லையா, உம்ம பிரஷைக் கொண்டாரும். இந்தத் துணிக்கு நுரை போடும், நோயாளிக்குப் போடுத மாதிரி.”

போட்டேன். துணிமேல் பிரஷைச் சுழற்றிச் சுழற்றி நுரை ஏற்றினேன். அவர் குவளைத் தண்ணீரைப் பைய ஊற்றி நுரையைக் கழுவினார். வெள்ளைத் துணியில் ஒன்பது முடி கிடந்தது.

“ஒன்பதையும் நீரே எடும்” என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். “இது ஸ்டோர்ல குடுத்த பிரஷ், நீரு வாங்கினது இல்ல, எனக்குத் தெரியும். ஆனா தொடுதது உம்ம கை. உம்ம கைக்கு எது வேணும்னு நீருதான் பாத்துச் சொல்லணும். சொல்லும், எழுதித் தாரேன்.”

அதுவரை பிரஷைப் பற்றி யாரும் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை. அப்பா கடையில் இருந்த பிரஷ் அவர் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. பிரஷ் என்றால் ஒரு சாமான், இருக்கிறதை எடுத்துப் போடுவது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை டவுணுக்குப் பஸ் ஏறிப் போய், ரத வீதியில் சவரச் சாமான் விற்கிற கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். கடைக்கார அண்ணாச்சி டப்பா டப்பாவாக எடுத்துப் போட்டார். ஒவ்வொரு பிரஷையும் விரித்தேன், அடியைப் பார்த்தேன், பத்து விரலாலும் பிடித்து இழுத்தேன். நாலாவது டப்பா திறந்தபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“என்னவே, பிரஷா வாங்குதீரு, மாடா வாங்குதீரு? பல்லைப் புடிச்சுப் பாக்கீரே” என்றார்.

கடைசியில் ஒரு பிரஷ் எடுத்தேன். அடர்ந்த முடி, மரப்பிடி, இழுத்தால் ஒன்றுகூட வராது. சிஸ்டர் அதை காஸ் துணியில் சோதித்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. அவர் தலையை ஒரு தடவை ஆட்டினார். அது எனக்குச் சம்பள உயர்வு மாதிரி இருந்தது. அந்த ஜாதிப் பிரஷையே பல வருஷம் வாங்கி வைத்து வேலை செய்தேன். அது என்ன முடி என்று மட்டும் யோசிக்கவே இல்லை.

முதலில் அதைக் கேட்டவர் மேலப்பாளையத்து ஹாஜியார் ஒருவர். எழுபது வயது இருக்கும், தறி வைத்திருந்தவர். வயிற்று ஆபரேஷனுக்கு வந்திருந்தார். திரைத்தட்டியை வைத்துவிட்டு, நுரை ஏற்றிய பிரஷை அவர் வயிற்றருகே கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இது என்ன முடி?”

“பிரஷ் முடி பாய்” என்றேன்.

“அது தெரியுது. எந்த மிருகத்து முடின்னு கேக்கேன்.”

எனக்குத் தெரியவில்லை. குதிரை முடி என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வெளியே நாலு கேஸ் காத்திருக்கிறது. ஆனால் அந்தக் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. அதனால் பொய் சொல்ல முடியவில்லை.

“எனக்குத் தெரியலை பாய். கேட்டுச் சொல்லுதேன். இப்ப கையாலயே நுரை போடட்டுமா?”

“போடும்” என்றார்.

பிரஷைத் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கழுவி, புது சோப்பை எடுத்து உள்ளங்கையில் நுரை உண்டாக்கிப் பூசி வேலையை முடித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் டவுண் கடைக்குப் போக முடிந்தது. கடைக்கார அண்ணாச்சி கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “பன்னி முடிதாம்வே. வேற என்னன்னு நெனச்சீரு? நுனியைப் பாரும், ஒவ்வொரு முடியும் ரெண்டா பிளந்திருக்கும். அதான் நுரை நிக்குது” என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது. மேலப்பாளையத்திலிருந்தும் பேட்டையிலிருந்தும் வந்தவர்கள், தொப்பியைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் படுத்தவர்கள். அத்தனை பேர் உடம்பிலும் அந்தப் பிரஷால் தேய்த்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது. இனிச் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியவும் போவதில்லை. ஹாஜியாருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். இந்த விஷயத்தை மறந்துகூட இருப்பார்.

சிஸ்டரிடம் சொன்னேன்.

“அவரு உம்மகிட்ட கேள்வி கேட்டாரு. நீரு கேட்டுச் சொல்லுதேன்னீரு. போய்ச் சொல்லும்.”

போய்ச் சொன்னேன். மற்றவர்களுக்குப் போட்டதையும் சேர்த்துச் சொன்னேன். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று நின்றேன்.

“எத்தனை வருஷமா எங்க ஆளுக இங்கன வந்து போறாவ. ஒருத்தரும் கேக்கலை. கேக்காதது எங்க தப்பு” என்றார். பிறகு கண்ணைத் திறந்து, “தெரியாம நடந்ததுக்கு உம்மளை என்ன சொல்ல? இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி என்ன செய்வீரு?”

“அந்தப் பிரஷ் இனிமே வார்டுக்குள்ள வராது பாய்.”

“அது போதும்” என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் எடுத்துத் தரச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். என் கையால் வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு நைலான் பிரஷ். அதில் இன்னொரு நன்மை இருப்பதை சிஸ்டர்தான் சொன்னார். மிருக முடியைக் கொதிக்க வைத்தால் முறிந்து போகும், பசை இளகும். மருந்துத் தண்ணீரில் ஊறப்போடுவதோடு சரி. நைலானை ஊசி, கத்தரிக்கோலோடு சேர்த்துத் தினமும் கொதிக்க வைக்கலாம். ஒருத்தர் உடம்பு அழுக்கு இன்னொருத்தருக்குப் போகாது. ஆனால் அந்தக் காலத்து நைலான் விளக்குமாறு மாதிரி இருக்கும். புதுப் பிரஷைப் போட்டால் நோயாளிகள் “யாத்தே” என்பார்கள். நெல்லையில் எந்தக் கடையிலும் மெதுவானது கிடைக்கவில்லை.

கிடைத்த விதம் வேறு. தலையில் கட்டி வந்த ஒரு சின்னப் பிள்ளைக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பிள்ளை அழவேண்டிய நேரத்தில் சிரிக்கிறது. பிரஷ் பிடரியில் பட்டதும் கூச்சத்தில் நெளிகிறது. பிரஷைக் கழுவி என் மேலுதட்டில் வைத்துப் பார்த்தேன். பட்டுப்போல இருந்தது. மூன்று மாதமாகத் தினமும் கொதித்துக் கொதித்து முடி நுனியெல்லாம் தணிந்து போயிருந்தது. வாங்கும்போது முள்ளாக இருந்த அதே பிரஷ்தான். அன்றிலிருந்து புதுப் பிரஷைக் கால், முதுகு என்று தடித்த தோலுக்கு வைத்துக்கொண்டேன். பழையது கழுத்துக்கும் பிள்ளைகளுக்கும்.

இதில் எனக்கும் சிஸ்டருக்கும் ஒத்துவரவில்லை. அவர் கணக்குப்படி மூன்று மாதமானால் பிரஷைக் கண்டம் செய்துவிட வேண்டும். உபயோகத்துக்கு ஆகாது என்று எழுதி ஒதுக்குவதை ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொல்வோம். எனக்கோ அது மூன்று மாதத்தில்தான் நல்ல பிரஷ் ஆகிறது. எதிர்த்துப் பேச தைரியம் இல்லை. கண்டம் ஆன பிரஷ்களில் நல்லதாக ஒன்றை மட்டும் என் அலமாரியில் சுத்தமான துணியில் சுற்றி வைத்துக்கொண்டேன். தினமும் மற்றவற்றோடு கொதிக்க வைத்தும் வந்தேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து தங்கராசு வந்தது அந்தச் சமயத்தில்தான். பனையேறி. முப்பத்தைந்து வயது, கருங்கல் மாதிரி உடம்பு. பனையோலைக் காம்பான கருக்குமட்டையின் ரம்பப்பல் முழங்காலுக்குக் கீழே கிழித்திருக்கிறது. மண்ணை அப்பிக்கொண்டு மறுபடி மரம் ஏறிவிட்டான். பத்து நாளில் வாய் திறக்க முடியவில்லை. பிறகு கழுத்து விறைத்தது. டெட்டனஸ் என்று சொல்லி, கடைசி அறையில் போட்டார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வாசலில் அவன் மனைவி பாக்கியம் தரையில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றவேண்டும், பேசக்கூடாது. இந்த நோயில் வெளிச்சம் பட்டாலும், சத்தம் கேட்டாலும், யாராவது தொட்டாலும் உடம்பு முழுக்க இழுத்துக்கொள்ளும். குதிகாலும் தலையும் மட்டும் கட்டிலில் பட, உடம்பு வில்லாக வளையும். அந்த இழுப்பில் மூச்சு நின்றுபோனால் ஆள் போய்விடுவான். அவ்வளவு வேதனையிலும் அவனுக்கு முழு நினைவு இருக்கும். அதுதான் அந்த நோயின் கொடுமை.

தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால்தான் பிழைப்பான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஆபரேஷன். கழுத்திலும் தாடையிலும் பத்து நாள் தாடி. வார்டு ஆள் ஒருவர் ஈரத்துணியால் கழுத்தைத் துடைக்கப் போயிருக்கிறார். தண்ணீர் குளிர்ந்திருந்தது. துணி பட்டதும் இழுப்பு வந்து, முகம் நீலமாகி, பயிற்சி டாக்டராக இருந்த குமரேசன் பாடுபட்டு மீட்டிருக்கிறார். அதன் பிறகு யாரும் கிட்டே போகத் துணியவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

சாமான் எடுக்க வந்தபோது சிஸ்டர் கூடவே வந்தார். நான் அலமாரியைத் திறந்து, துணியைப் பிரித்து, அந்தப் பழைய பிரஷை எடுத்தேன். ஒளிக்க நேரமில்லை.

“இதைக் கண்டம் பண்ணியாச்சுல்லா” என்றார்.

“ஆமா சிஸ்டர்.”

கையை நீட்டினார். கொடுத்தேன். முடியை விரித்து அடியைப் பார்த்தார். கண்ணை மூடி, இமைமேல் வைத்து அழுத்திப் பார்த்தார். அப்படி ஒரு சோதனை இருப்பது எனக்கே அதுவரை தெரியாது.

“கொதிக்க வச்சீரா?”

“காலைல வச்சேன்.”

திருப்பிக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

நுரையை அறைக்கு வெளியே, வராந்தாவின் மறுகோடியில் போய் உண்டாக்கினேன். குவளையில் பிரஷ் பிடி தட்டினால் சத்தம் வரும் என்று பிடியைச் சுற்றி காஸ் கட்டினேன். தண்ணீர்ச் சூட்டை என் கண்ணிமையில் தொட்டுப் பார்த்தேன். நுரை தளர்வாக இருந்தால் கழுத்தில் வழிந்து கூச்சம் காட்டும், இறுகியிருந்தால் தேய்க்க வேண்டிவரும். தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவந்தேன். குமரேசன் இழுப்பு தணிய ஊசி போட்டு இருபது நிமிஷம் காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

உள்ளே இருட்டு. சிஸ்டர் டார்ச்சின் வாயில் துணியைக் கட்டி, தரையைப் பார்த்துப் பிடித்திருந்தார். தங்கராசுவின் கண் திறந்திருந்தது. பற்கள் இறுகி, உதடு இழுபட்டு, சிரிப்பதுபோல ஒரு முகம். பிரஷை உடனே வைக்கவில்லை. கழுத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்து, அதன் வெதுவெதுப்பு முதலில் போய்ச் சேரட்டும் என்று நின்றேன். பிறகு வைத்தேன். சுழற்றவில்லை, தேய்க்கவில்லை. வைத்து, கொஞ்சம் அழுத்தி, எடுத்து, பக்கத்தில் வைத்தேன். கழுத்து நரம்பு ஒரு தடவை துடித்தது. அடங்கிவிட்டது. புதுப் பிரஷாக இருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

இடது பக்கம் முழுவதும் வழித்து, குரல்வளை மேட்டைத் தாண்டிவிட்டேன். அப்போது வராந்தாவில் யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள்.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்குமுன் அவன் உடம்புக்குக் கேட்டுவிட்டது. நான் கத்தியை எடுத்த வேகத்தில் அது என் இடது உள்ளங்கையில் பாய்ந்தது. அவன் வில்லாக வளைந்தான். குமரேசன் ஆக்சிஜன் முகமூடியை வைத்து அழுத்தினார், மருந்தை ஏற்றினார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே பாக்கியம் எழுந்து நின்று வாயைத் துணியால் பொத்திக்கொண்டிருந்தாள். சத்தம் போடக்கூடாது என்று சொல்லியிருந்ததால், அழுதால்கூடப் புருஷன் செத்துப்போவான் என்று பயந்து நின்றாள்.

இழுப்பு தணிந்தது. என் கையில் ரத்தம். கை நடுங்கியது. சிஸ்டர் என் கையைத் தன் துணியால் சுற்றிக் கட்டி, அதற்குமேல் கையுறை ஒன்றை மாட்டிவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தார். “முடியுமா?” என்று கேட்டார் என நினைக்கிறேன். அரைக் கழுத்தோடு விட்டால் நாளைக்கு இன்னொருவர் மறுபடி முதலிலிருந்து தொடவேண்டும். தலையாட்டினேன். காய்ந்த நுரையின்மேல் மறுபடி பிரஷை வைத்தேன். வலது பக்கமும் முடிந்தது.

ஸ்பிரிட் போட்டுச் சோதிக்க முடியாது. சிஸ்டர் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தை இரு விரல் இடுக்கில் கசியவிட்டு, கழுத்து முழுக்கப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. வராந்தாவுக்கு வந்ததும், “அந்தப் பிரஷைப் பட்டியல்ல திரும்ப ஏத்திருதேன்” என்றார்.

இப்போது ஆஸ்பத்திரிகளில் கத்தி போடுவதில்லை. மெஷினால் முடியைக் குறைத்தால் போதும், சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கிச் சீழ் பிடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். குமரேசன்தான் சொன்னார். கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் சுத்தம் செய்கிறேன் என்று செய்ததில் எத்தனை பேருக்குப் புண் ஆறாமல் போயிற்றோ. பிலோமினா சிஸ்டரின் ஸ்பிரிட் பஞ்சு பாதியைப் பிடித்திருக்கும், மீதி போயிருக்கும். மெஷின் வந்தது நல்லதுதான். ஆனாலும் அந்த வார்டுகளை நினைத்தால் சந்தோஷம்தான் முதலில் வருகிறது. காலை ஏழு மணிக்கு கொதிகலன் மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவியும், சோப்பும் மருந்தும் கலந்த வாசனையும், திரைத்தட்டிச் சக்கரத்தின் கிரீச்சும் இன்றைக்கும் வேண்டும்போல இருக்கிறது.

தங்கராசு பிழைத்துக்கொண்டான். ஐந்து வாரம் படுக்கை. தொண்டைக் குழாயை எடுத்து, துளை மூடி, கட்டுப் போட்டிருந்தது. வீட்டுக்குப் போகிற அன்று காலையில் பாக்கியம் என்னைத் தேடி வந்தாள்.

“அண்ணாச்சி, அவுக ஒங்களைக் கூப்பிடுதாவ. மொகம் வழிக்கணுமாம். இப்படியே ஊருக்கு வரமாட்டாவளாம்.”

போனேன். ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பாதி உடம்புதான் மிச்சம் இருந்தது. குரல் காற்றாக வந்தது.

“நீருதான அன்னைக்கு வந்தது?”

“ஆமா. தெரிஞ்சுதா?”

“எல்லாந் தெரியும். வாயைத்தான் தொறக்க முடியலை.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “அந்த இழுப்புக்குப் பொறவு ஒம்ம கை நடுங்குச்சு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அது நல்லதாப் போச்சு வே. அந்த இருட்டுல நான் ஒருத்தன்தான் பயந்துக்கிட்டுக் கெடக்கேன்னு நெனச்சேன். இன்னொருத்தனும் பயந்துக்கிட்டு, போகாம நிக்கான்னு தெரிஞ்சுது. பொறவு கொஞ்சம் தைரியமா இருந்துச்சு.”

நுரை உண்டாக்கினேன். பிரஷை முகத்தருகே கொண்டுபோனபோது அவன் கையை நீட்டினான்.

“இங்க தாரும். நானே போடுதேன்.”

ஐம்பது அடி பனையில் ஒற்றைக் கையால் தொங்கியவனுக்கு அந்தப் பிரஷைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. நுரை காதில் பட்டது, மூக்கில் பட்டது, சட்டையில் வழிந்தது. பாக்கியம் துடைக்கப் போனாள். வேண்டாம் என்று தலையாட்டினான். ரேசரை எடுத்து, கன்னத்தை உப்பி, ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மூச்சு வாங்கினான். மறுபடி ஒரு இழுப்பு. நான் கட்டில் பக்கத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்காக வார்டில் நாலு பேர் காத்திருந்தார்கள். அவன் முடிக்கும்வரை கண்ணாடியை இறக்கவில்லை.